உயிருள்ள வெள்ளை

மூன்றாவது நாளும் அந்த வெள்ளை காயவில்லை.

மற்ற இடங்களில் பூசிப் பார்த்த மாதிரிகள் எல்லாம் இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிட்டன. சமையலறையின் இளம்பச்சை, மாடிப்படியோரத்துச் சாம்பல், வெளிச்சுவரில் சன்னலைச் சுற்றிப் பூசிய செங்கல் சிவப்பு, எல்லாம் நல்ல பிள்ளைகளாகக் காய்ந்து, விரல் வைத்தால் சொரசொரத்தன. அவள் மகளின் அறையில், விரித்த செய்தித்தாள் அளவுக்குப் பூசிய வெள்ளை மட்டும் அடம்பிடித்தது. அவள் ஒரு விரலை வைத்துப் பார்த்தாள். விரல் நனைந்தது, ஆனால் வெள்ளை ஒட்டவில்லை. வெறும் ஈரம், அதுவும் வெதுவெதுப்பாக. முகர்ந்து பார்த்தாள். பெயிண்ட் வாசனையே இல்லை. விரலைத் துணியில் துடைத்தாள், பிறகு இன்னொரு முறை துடைத்தாள்.

வெள்ளை விஷயத்தில் அவளை ஏமாற்ற முடியாது. பதினோரு வருடமாகப் பல் செட் செய்யும் லேபில் வேலை. பதினாறு பொய்ப்பற்களை வரிசையாகக் கோத்த ஷேடு கைடு ஒன்று எப்போதும் அவள் கைப்பையில் இருக்கும். வெள்ளையில் என்ன வகை, வெள்ளை வெள்ளைதானே என்று ஒரு நாள் வாயைக் கொடுத்த கணவனுக்கு அரை மணி நேரம் பாடம் நடத்தியிருக்கிறாள். பாவம், மனுஷன் அதற்குப் பிறகு பால் பாக்கெட்டைப் பார்த்தால்கூட எந்த ஷேடு என்று கேட்டுக் கேலி செய்வான்.

வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கலாம் என்று முடிவானதிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஏழு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக நடந்தாள். ஒரு நிறத்தைக் காலை வெயிலில் பார்க்க வேண்டும், உச்சியில் பார்க்க வேண்டும், பொழுது சாய்ந்து விளக்குப் போட்ட பிறகும் பார்க்க வேண்டும். மூன்று வெளிச்சத்திலும் நிற்கிற நிறம்தான் நிறம். கூடத்துக்கு மட்டும் ஒன்பது தடவை மனதை மாற்றினாள். வெளிச் சன்னலுக்குச் சிவப்பு என்று அவள் சொன்னபோது கணவன், "வீட்டுக்கு லிப்ஸ்டிக் போட்டுவிடப் போறியா?" என்றான். அவளும் சிரித்தாள்.

ஆனால் அந்த நடைக்கெல்லாம் அடியில் இருந்தது ஒரே கவலை. ஏழு வயது மகள் இன்றுவரை அவர்கள் இருவருக்கும் நடுவில்தான் படுக்கிறாள். தூக்கத்தில் பற்களை நறநறவென்று கடிப்பாள். அந்தச் சத்தத்துக்கு வீடே பழகியிருந்தது. இன்னும் இரண்டு மாதத்தில் கைக்குழந்தை வந்துவிடும். அதற்குள் குட்டி தன் அறையில் தனியாகப் படுத்துப் பழக வேண்டும். அவளோ அந்த அறை வாசலைத் தாண்ட மாட்டேன் என்றாள்.

"அந்த வெள்ளை எனக்குப் பிடிக்கலம்மா. செத்துப்போன மாதிரி இருக்கு."

குழந்தை சொன்னது சரிதான். அந்த அறைக்கு முதலில் வாங்கி வந்த கடை வெள்ளை அப்படித்தான் இருந்தது. லேபிலும் பொடியைக் குழைத்து முதலில் வார்க்கிற பல் சுண்ணாம்புத் துண்டு மாதிரி செத்துக் கிடக்கும். அதில் ஒரு பொட்டு மஞ்சள், அடிப்பக்கம் கண்ணுக்கே தெரியாத ஒரு சிவப்பு, ஓரத்தில் கொஞ்சம் சாம்பல் சேர்த்தால் சட்டென்று உயிர் வந்துவிடும். அதுதான் அவள் கைவேலை. அதையே பெயிண்ட் வாளியிலும் செய்தாள். பெயிண்டர் கோட்டண்ணன் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார். டேப் ஒட்டாமல் கோடு பிசகாமல் இரண்டு நிறத்தைப் பிரிப்பவர் என்பதால் அந்தப் பெயர். அவள் ஷேடு கைடைப் பிடித்துக்கொண்டு ஸ்டெய்னர் சாயக் குப்பியிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினாள். கடைசிச் சொட்டுச் சிவப்பு விழுந்ததும் வாளியில் இருந்த வெள்ளை மாறியது. அவளுக்கே மயிர்க்கூச்செறிந்தது. புதிதாய் முளைத்த பால்பல்லின் நிறம். குழந்தைப் பல்.

"இப்ப உயிரோட இருக்கு பாருங்கண்ணே," என்றாள்.

அதைச் சுவரில் பட்டையாகப் பூசியது முதல் நாள். அன்று மாலைதான் குட்டியின் கீழ்வரிசை முன்பல் ஒன்று விழுந்தது.

ஈரம் காயவில்லை என்றதும் கோட்டண்ணன் சுவரை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். ஓதம் என்றார். சுரண்டிவிட்டுப் பட்டி பார்த்துத் திரும்ப அடிக்கலாம் என்று தகட்டை எடுத்தார். தகடு வழுக்கியது. கண்ணாடியில் வழுக்குவதுபோல. உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்தார்; தாள்தான் மழுங்கியது. முப்பது வருடச் சுவர்களைப் பார்த்த மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. பட்டையின் ஓரத்தில் தகட்டின் முனையைக் கொடுத்து நெம்பினார்.

சின்னச் செதில் ஒன்று பெயர்ந்தது. அடியில் இளஞ்சிவப்பு.

"முன்னாடி இருந்தவங்க ரோஸ் அடிச்சிருப்பாங்க போல," என்றார் கோட்டண்ணன்.

அந்த இளஞ்சிவப்பும் அவளுக்குத் தெரியும். பல் செட்டின் ஈறுக்கு அவள் தினமும் கலக்குகிற நிறம் அது. ஆனால் அவள் கலக்குவது இவ்வளவு நன்றாக வந்ததில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இடத்தில் ஒரு சிவப்புத் துளி கோத்துக்கொண்டு நின்றது. பின்னால் அறைக்கதவு மெல்லக் கிரீச்சிட்டது. கோட்டண்ணன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, வெளிச்சுவர் வேலை கிடக்கிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். கலக்குகிற குச்சியைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரத்தில், முதல் வெளிச்சத்தில் நிறத்தைப் பார்க்க அவள் எழுந்தாள். வழக்கமாகக் கேட்கிற நறநறப்பு கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தோடே கால் நீட்டிச் செருப்பைத் தேடினாள், அந்தச் சத்தத்தோடே தலைமுடியை முடிந்தாள், கதவருகே போனபிறகுதான் திரும்பிப் பார்த்தாள். குட்டி அப்பாவின் தோளில் முகம் புதைத்து, வாயை மூடி, அமைதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். பல் விழுந்த அன்றிலிருந்து அவள் பல்லைக் கடிக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சத்தம் நடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. காலி அறையிலிருந்து.

அவள் கதவைத் தள்ளியதும் நின்றுவிட்டது. அறையில் ஒரு வெதுவெதுப்பு. நெருக்கத்தில் ஒருவர் வாய் திறந்தால் முகத்தில் படுமே, அந்த வெதுவெதுப்பு. வெள்ளைப் பட்டை கொஞ்சம் பெரிதாகியிருப்பதுபோல் தோன்றியது; அளந்து வைக்காதது தன் தப்பு என்று சொல்லிக்கொண்டாள். சுவரோரம் கலக்குகிற குச்சி கிடந்தது. எடுத்தாள். நுனி நசுங்கியிருந்தது. கடித்த தடம்.

தடத்தைப் படிப்பது அவளுக்குச் செய்தித்தாள் படிப்பதுபோல. மேலே நாலு, கீழே நாலு, பால்பற்கள், வயது ஆறு ஏழு. கோபம்தான் முதலில் வந்தது. குட்டியை எழுப்பி உட்காரவைத்தாள்.

"பெயிண்ட் குச்சியையா கடிப்பே? விஷம்டி அது."

"நான் கடிக்கலம்மா."

"பொய் சொல்லாதே. வாயைக் காட்டு."

குழந்தை வாயைக் காட்டியது. கீழ்வரிசை நடுவில் காலி இடம். அவள் குச்சியைத் திருப்பிப் பார்த்தாள். கீழ்வரிசைத் தடத்தில் காலி இடம் இல்லை. நாலும் இருந்தன.

"விழுந்த பல் எங்க, குட்டி?"

"குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"சுவத்துக்கு. ஈரமா இருந்துச்சா, அமுக்கினேன், உள்ள போயிடுச்சு." குழந்தை கண்ணைக் கசக்கிக்கொண்டது. "பாவம்மா அது. அதுக்குப் பல்லே இல்ல."

அவள் அறையைப் பூட்டினாள். குட்டியின் கைக்கு எட்டாமல் இருக்கட்டும் என்று சாவியைக் கணவனிடம் கொடுத்து, "அந்த ரூமை இப்போதைக்குத் தொடாதீங்க, நான் சொல்ற வரைக்கும்," என்றாள். ஏன் என்று சொல்ல வாய் வரவில்லை. சுவர் குச்சியைக் கடித்தது என்று எப்படிச் சொல்வது? பிள்ளைத்தாய்ச்சிக்கு ஏதோ பயம் என்று நினைப்பான். அவனோ வேறு மாதிரி நினைத்தான். கூடத்துக்கு ஒன்பது தடவை மனதை மாற்றியவள், இது பத்தாவது தடவை. லிஃப்ட் மெக்கானிக், நின்றுபோனதை ஓடவைப்பதே பிழைப்பாகக் கொண்டவன். சரி என்று தலையாட்டினான்.

இரண்டு நாள் அவள் லேபில் உட்கார்ந்து செய்ததெல்லாம் கோணலாக வந்தது. இரண்டாம் நாள் பொழுது சாய்கிற நேரம், பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கும்போது கணவன் கூப்பிட்டான். குரலில் குதூகலம்.

"லீவு போட்டு அந்த ரூமை முடிச்சுட்டேன். நீ கலந்து வச்ச வாளியே போதுமானதா இருந்துச்சு. நாலு சுவரும், மேல்கூரையும். நீ முடிவெடுக்கிறதுக்குள்ள குழந்தை காலேஜ் போயிடும்னுதான்."

"குட்டி எங்க?"

"அதுதான் அதிசயம். பாயை விரிச்சுட்டு அவளே போய்ப் படுத்துட்டா. தனியா! நல்லாத் தூங்குறா. நான் ஏணியைத் திருப்பிக் குடுக்க வந்தேன், பத்து நிமிஷத்துல வந்துடுவேன்."

அவள் இறங்கி நடந்தாள். பிறகு ஓடினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். தெருமுனை திரும்பியதும் வீடு தெரிந்தது. கோட்டண்ணன் குட்டியின் அறைச் சன்னலைச் சுற்றிச் சிவப்பை முடித்திருந்தார், கோடு பிசகாமல். மற்ற சுவரெல்லாம் காய்ந்து மங்கியிருக்க, அந்தச் சிவப்பு மட்டும் ஈரமாக மின்னியது. நடுவில் சன்னல் லேசாகத் திறந்திருந்தது.

உள்ளே விளக்குப் போடவில்லை. நடையில் அந்த வெதுவெதுப்பு. கதவு பாதி திறந்திருந்தது.

நாலு சுவரும் வெள்ளை. உயிருள்ள வெள்ளை. அந்தி வெளிச்சத்தில், அவள் வாழ்நாளில் கலந்த எந்த நிறமும் இவ்வளவு அழகாக நின்றதில்லை. சுவரில் மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள் விழுந்திருந்தன, சம இடைவெளியில். பழக்கத்தில் கண் நடுவிலிருந்து எண்ணத் தொடங்கியது. ஒன்று. இரண்டு. மூன்றாவது கூர், கோரைப்பல் மாதிரி. அவள் எண்ணுவதை நிறுத்திக்கொண்டாள்.

அறையின் நடுவில் பாயில் குட்டி தூங்கினாள், மல்லாந்து, வாயைத் திறந்து. மூச்சு உள்ளே போனபோது சன்னல் கொஞ்சம் அகன்றது. மூச்சு வெளியே வந்தபோது கொஞ்சம் ஒடுங்கியது.

"குட்டி."

குழந்தை அசையவில்லை. திறந்திருந்த வாய் மெல்ல மூடத் தொடங்கியது. அவளுக்குப் பின்னால் கதவும் மூடத் தொடங்கியது. மேல்கூரை இறங்கியது. ஒரு விரல்கடை. இன்னொரு விரல்கடை. பிறகு முழம் முழமாக. நறநறவென்று மேலே ஒரு சத்தம்.

தூக்கிக்கொண்டு ஓட நேரமில்லை. வயிற்றோடு குனிந்து தூக்கவும் முடியாது. யோசிக்கவும் இல்லை. மண்டியிட்டாள். பழகிய கை. சுட்டுவிரலை மகளின் பற்களுக்கு நடுவில் கொடுத்தாள்.

வாய் நின்றது.

கதவு நின்றது. ஒரு சாண் வெளிச்சம் மிச்சம். மேல்கூரை அவள் தலைக்கு ஒரு கை உயரத்தில் அப்படியே நின்றது. அவளுக்கு அழுகை வந்தது, நிம்மதியில். இப்படியே இருந்தால் போதும். பத்து நிமிஷம். அவன் வந்துவிடுவான். வயிற்றுக்குள் குழந்தை ஒரு முறை உதைத்தது. தெருவில் ஏதோ வண்டி வந்தது. போய்விட்டது.

"அம்மா இருக்கேன்டா," என்றாள். விரலை வைத்துக்கொள்ள வசதியாக அந்தக் காலி இடத்தைத் தேடினாள். கீழ்வரிசை. நடு.

காலி இடம் இல்லை.

அங்கே ஒரு பல் இருந்தது. முழுப் பல், வழுவழுவென்று. அதற்குப் பக்கத்தில் ஒன்று. அதற்குப் பின்னால் ஒரு வரிசை. அதற்கும் பின்னால், விரல் எட்டிய மட்டும், இன்னொரு வரிசை.

குட்டி கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். பிறகு, மிக மெதுவாக, வாயை மூடத் தொடங்கினாள்.