சீம்பால் குடித்த குட்டி

குட்டி பிறந்து ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது. பத்தாவது நிமிடத்துக்குள் அதைத் தாயிடமிருந்து பிரித்துக் கிருமி நுழையாத தூய்மைக்கூண்டில் விட வேண்டும் என்பது சட்டம். கால்நடை மருத்துவர் ஹெப்சிபா லாயத்துக் கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.

வெளியே பண்ணை இயக்குநர் குலோத்துங்கன் கதவைத் தட்டினார்.

"டாக்டர், கதவத் திறங்க. கூண்டு வந்து நிக்குது."

"நிக்கட்டும் சார். குட்டி எழுந்து பால் குடிக்கட்டும்."

"உங்களுக்கு வேல போயிரும்."

"போகட்டும்."

காப்புப்பொறி வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. அது காற்றை முகர்ந்து, அதிலுள்ள கிருமிகளுக்கு ஏற்ற எதிர்ப்பொருளைக் காய்ச்சி இறக்கும். குதிரைக்கும் மனிதக் குழந்தைக்கும் வாரம் ஒரு புட்டி. நோய் என்ற பேச்சே இல்லை. ஆனால் பொறி காய்ச்சுவதெல்லாம் பழைய குதிரைகளின் ரத்தத்திலிருந்து எடுத்த படிகள் என்பதும், புதிதாக ஒன்றை உருவாக்க அதற்குத் தெரியாது என்பதும் ஹெப்சிபாவை உறுத்திக்கொண்டே இருந்தன.

தாய்க்குதிரை சித்திரை, பொறிக்கு முந்தைய காலத்துப் பிறவி. இருபத்து மூன்று வயது. இதுவே அதன் கடைசிக் குட்டி. குதிரைக்குட்டி கையில் எதிர்ப்பொருள் ஏதுமின்றித்தான் பிறக்கும். தாயின் சீம்பாலில்தான் அது வந்து சேர வேண்டும். ஒரு நாள் கழிந்தால் குடல் அதை உள்ளே விடும் வாசலை அடைத்துக்கொள்ளும்.

ஒன்றரை மணி நேரம் கழித்து, நான்கு கால்களும் நான்கு திசையில் நடுங்க, குட்டி மடியைக் கண்டுபிடித்தது. அதன் பிறகே ஹெப்சிபா தாழ்ப்பாளை நீக்கினாள். குட்டி பால் குடிப்பதைப் பார்த்த குலோத்துங்கன் கூண்டைத் திருப்பி அனுப்பிவிட்டு, மேலிடத்துக்குத் தகவல் சொல்லாமல் விட்டார்.

குட்டி சேற்றில் புரண்டது, மண்ணை நக்கியது, தாயின் சாணத்தைக்கூடத் தின்றது. அதன் கூடவே இருந்த ஹெப்சிபாவும் தன் புட்டிகளை நிறுத்திவிட்டாள். இரண்டு வாரம் காய்ச்சலில் கிடந்து எழுந்தாள்.

ஏழாவது வாரம் குட்டி படுத்தது. தாய் கொடுத்த எதிர்ப்பொருள் கரைந்துவிட்டது. சொந்தப் படை இன்னும் முழுசாகத் திரளவில்லை. மூச்சு கரகரத்தது.

"ஒரு புட்டி போதும், பொழச்சுக்கும்," என்றார் குலோத்துங்கன். குரலில் அதிகாரம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

"பொழச்சுக்கும் சார். ஆனா ஒடம்பு கத்துக்காது."

சொல்லிவிட்டாளே தவிர, இரவெல்லாம் அதன் மூச்சை எண்ணினாள். தண்ணீரும் வெதுவெதுப்பும் கொடுத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் நாள் குட்டி தலையைத் தூக்கி அவள் சட்டையைக் கடித்து இழுத்தது. அன்றைக்குத்தான் அவள் அழுதாள்.

ஐப்பசி மழையோடு புதிய இருமல் ஒன்று பண்ணைக்குள் நுழைந்தது. பொறி காற்றை முகர்ந்து, 'படி இல்லை' என்று மட்டும் அறிவித்தது. கூண்டில் வளர்ந்த நாற்பது குதிரைகளும் சாய்ந்தன. சித்திரையின் குட்டி இரண்டு நாள் இருமியது. மூன்றாம் நாள் மேய்ந்தது. ஹெப்சிபா அதன் ரத்தத்தில் கொஞ்சம் எடுத்துப் பொறிக்குக் கொடுத்தாள். பொறி படியெடுத்தது. முப்பத்தாறு குதிரைகள் பிழைத்தன.

தலைமையகத்திலிருந்து பாராட்டு வரவில்லை. ஆணை வந்தது: 'இக்குட்டி நாட்டின் சொத்து. உடனே தூய்மைக்கூண்டில் அடைத்துப் பாதுகாக்கவும்.'

"கூண்டுல போட்டா அடுத்த நோய அது எங்க சார் சந்திக்கும்?" என்று கேட்டாள். குலோத்துங்கன் ஆணையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் அதிகாரிகள் நால்வர் வந்தார்கள். எல்லோரும் இருபது வயதுக்காரர்கள், பொறியின் புட்டியிலேயே வளர்ந்தவர்கள். வண்டியிலிருந்து இறங்கி வேலி வரை வந்து நின்றார்கள். அதற்கப்பால் ஈரச் சேறும் சாணமும். குட்டி நடுவில் நின்று அவர்களைப் பார்த்து ஒருமுறை இருமியது. நால்வரும் பின்வாங்கினார்கள்.

"மேடம், நீங்களே பிடிச்சுக் குடுங்க," என்றான் ஒருவன், முகமூடியை அழுத்திக்கொண்டு.

ஹெப்சிபா முழங்கால் வரை சேற்றில் நின்று, வேலிக்கதவை அகலத் திறந்து வைத்தாள்.

"வாங்க தம்பி. வந்து நீங்களே பிடிச்சுக்கிட்டுப் போங்க."