பலகையை மறைத்து ஒருவர்

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் பட்டறையில் இருந்தவர்கள்:

முதலாளி கியாசுதீன். பாலக்கரையில் முப்பது வருடம் கார்க் கண்ணாடி மாற்றிவிட்டு, சமயபுரம் போகும் சர்வீஸ் ரோட்டில் இந்தக் கொட்டகையைப் போட்டவர். அவர் மச்சான் வசீம், கண்ணாடி பொருத்துகிறவன். மார்ட்டின், இன்சூரன்ஸ் சர்வேயர், எந்த வண்டியைப் பார்க்க வந்தாலும் முதலில் டீயைக் கேட்கிறவர். வரது, வண்டிக்குச் சொந்தக்காரர், பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், ஸ்ரீரங்கம் உத்தர வீதி. கடைசியாகக் கோவர்தன். அவனும் ஸ்ரீரங்கம்தான். என்ஜினீயரிங்கை மூன்றாம் வருடத்தில் விட்டவன், கால் சென்டரில் நாலு வருடம் ராத்திரி வேலை பார்த்து அதையும் விட்டவன். இங்கே கார்களுக்குப் பார்வை சரி செய்கிறவன்.

ஆக ஐந்து பேர். கோவர்தன் ஸ்டீயரிங்கில் இருந்தான், வெளியே நின்றவர்கள் நான்கு பேர். வண்டியை மெதுவாக உருட்டி உள்ளே ஏற்றும்போது, எதிரே நிற்பவர்களை வண்டியின் திரை சின்ன வெள்ளை உருவங்களாகக் காட்டியது. அவன் எண்ண வேண்டும் என்று எண்ணவில்லை. கண் தானாக எண்ணியது. ஐந்து உருவங்கள் இருந்தன.

குருட்டுக் கேமரா, என்று நினைத்துக்கொண்டான். அதைக் குருடாக விட்டதே அவன்தான்.

இந்தக் காலத்து வண்டிகளில் முன்கண்ணாடியின் உச்சியில், நடுக் கண்ணாடிக்குப் பின்னால், ஒரு கேமரா இருக்கும். பம்பருக்குள் ரேடார் இருக்கும். குறுக்கே ஆள் வந்தால் ஓட்டுகிறவன் தூங்கினாலும் வண்டி தானே பிரேக் போடும். இதற்கென்றே கூடுதலாகப் பணம் கொட்டி வாங்குகிறவர்கள், சமயபுரத்தில் பூஜை போட்ட கையோடு ரேடாருக்கு நேராகச் சாமந்தி மாலையைக் கட்டிவிட்டு, கேமராவுக்கு நேராகச் சந்தனத்தை அப்பிக்கொண்டு போவார்கள். வண்டி எச்சரித்துக் கத்தினால் இங்கே வந்து, சத்தத்தை மட்டும் நிறுத்திக் கொடுப்பா என்பார்கள். கண்ணாடியை மாற்றினால் கேமராவுக்குப் பாதையை மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும் என்று சொன்னால், பட்டறைக்காரன் பணம் பிடுங்கப் பார்க்கிறான் என்று முகத்தைச் சுளிப்பார்கள். கோவர்தனுக்கு அவர்களைப் பார்த்தாலே குமட்டும்.

வரதுவைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் அதிகமாக. ஆறு வாரத்துக்கு முன் கல் பட்டு உடைந்த கண்ணாடியை மாற்ற வந்தவர், புதுக் கண்ணாடியின் உச்சியில் ஒரு பெரிய நாமம் ஸ்டிக்கரைத் தன் கையாலேயே ஒட்டினார். கேமராவுக்கு நேர் முன்னால். கோவர்தன் ஒரு தடவை சொன்னான்.

"பெருமாள் பாக்காததை உங்க கேமரா பாத்துடுமோ?" என்றார் வரது. பக்கத்தில் நின்ற வசீமைப் பார்த்துச் சிரிக்கவும் சிரித்தார். "இவன் தோப்பனார் எனக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவர். பிள்ளை இங்க வந்து வண்டி தொடைக்கிறான்."

கோவர்தன் மறுபடி சொல்லவில்லை. அன்றைக்கு கேமராவுக்குப் பாதை கற்றுக்கொடுக்கிற கேலிப்ரேஷன் என்ற இரண்டு மணி நேர வேலையையும் செய்யவில்லை. டயரில் காற்று அளந்து, தரைமட்டம் பார்த்து, நூல் பிடித்துப் பலகை நிறுத்தி, இந்த ஆளுக்கா? ஸ்கேனரைச் சொருகி எச்சரிக்கை விளக்கை மட்டும் அணைத்தான். முந்தின நாள் வேறொரு வண்டிக்கு எடுத்த அறிக்கையில் வண்டி நம்பரையும் தேதியையும் மாற்றி அச்செடுத்து, அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

அதற்குப் பிறகு பத்தொன்பதாம் நாள், துறையூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிய வரதுவின் வண்டி, விடிகிற நேரத்தில், பட்டறைக்கு அரைக் கிலோமீட்டர் தள்ளி ஒரு பெண்ணை அடித்தது. பிரேக்கை வரதுவும் பிடிக்கவில்லை, வண்டியும் பிடிக்கவில்லை. அவள் பெயர் வியாகுலம்மாள். சமயபுரத்துக்கு நடந்து போகிறவர்கள் எறிந்துவிட்டுப் போகும் தண்ணீர்ப் பாக்கெட்டையும் தட்டையும் கூட்டுகிற கான்ட்ராக்ட் ஆள். கம்பில் கட்டிய நீளத் தென்னந் துடைப்பம், ஆரஞ்சுச் சட்டை, பிளீச்சிங் பவுடர் வாளி. கோவர்தனுக்கு அவளைத் தெரியும். தினமும் காலையில் பட்டறை வாசலில் கூட்டிக்கொண்டிருப்பாள். தினமும் அவன் பைக்கில் வந்து ஹாரன் அடித்து, "ஓரமாப் போம்மா" என்பான். அவளும் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் ஓரமாகப் போவாள்.

திங்கட்கிழமை சென்னையிலிருந்து கார்க் கம்பெனி என்ஜினீயர் வருகிறார். கேமராவின் நினைவைத் திறந்து, கடைசியாக என்றைக்குக் கேலிப்ரேஷன் நடந்தது என்று படிப்பார். கோவர்தன் கையெழுத்துப் போட்ட தேதியில் ஒன்றும் நடக்கவில்லை என்று அதில் இருக்கும். அப்புறம் போலீஸ், கோர்ட், ஜெயில். தப்பிக்க ஒரே ஒரு வழி இருந்தது. அந்தக் கேமரா கடைசித் தேதியை மட்டும்தான் வைத்துக்கொள்ளும். இன்றைக்கு ஒழுங்காக ஒன்று முடித்துவிட்டால் பழையது அழிந்துவிடும். பம்பரை மாற்றியதால் செய்தே ஆக வேண்டும் என்று அவனே மார்ட்டினிடம் சொல்லி வைத்திருந்தான். மார்ட்டின் டீயை ஊதிக்கொண்டே தலையாட்டினார். செத்தது கான்ட்ராக்ட் ஆள், பெரிதாக ஒன்றும் வராது என்று வரதுவுக்கு ஆறுதலும் சொன்னார். வரது, அவள் குறுக்கே வந்திருக்கக் கூடாது என்று நாலாவது தடவையாகச் சொல்லிவிட்டு, உதடு முணுமுணுக்க ஸ்டிக்கரைத் தானே உரித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கேலிப்ரேஷன் அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் பளபளப்பில்லாத சாம்பல் பெயின்ட், ரசமட்டம் வைத்து இழைத்த தரை, மேலே ஆறு குழல் விளக்கு. எதிர்க் கோடியில் ஸ்டாண்டில் இலக்குப் பலகை, கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கள். வண்டிக்கும் பலகைக்கும் நடுவில் எதுவும் இருக்கக் கூடாது. ஒருமுறை பாத்ரூம் எங்கே என்று கேட்க ஒரு கஸ்டமர் கதவைத் திறந்து, வெயில் உள்ளே பாய்ந்து, இரண்டு மணி நேர வேலை வீணாய்ப் போனது. அன்றிலிருந்து உள்ளே ஒரே ஆள்தான். கதவுக்கு வெளியே தாழ்ப்பாளும் பூட்டும். முடிந்ததும் உள்ளிருந்து மூன்று ஹாரன் அடித்தால் வசீம் திறப்பான்.

"அசர் தொழுதுட்டு வந்துடுறோம். அதுக்குள்ள முடியாதுல்ல?" என்றான் வசீம்.

முடியாது என்றான் கோவர்தன். தாழ்ப்பாள் இழுபட்டது. பூட்டு விழுந்தது. வெளியே பட்டப்பகல், லாரிகள் போய்க்கொண்டிருந்தன. உள்ளே அந்தச் சத்தம், காதில் பஞ்சு வைத்ததுபோல், எங்கோ தூரத்துக் காவிரி போலக் கேட்டது.

நூல் பிடித்துப் பலகையை நிறுத்தினான். ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தி, ஸ்கேனரில் தொடங்கு என்பதை அழுத்தினான்.

பதினோரு விநாடி ஓடி நின்றது. இலக்கு மறைக்கப்பட்டுள்ளது.

கேமரா என்ன பார்க்கிறது என்று பட்டியலைத் திறந்தான். ஒரே ஒரு வரி இருந்தது. பாதசாரி, தூரம் மூன்று புள்ளி எட்டு மீட்டர். நிற்கிறார்.

இறங்கிப் போய்ப் பார்த்தான். குழல் விளக்குகளின் ரீங்காரத்தையும் தன் செருப்புச் சத்தத்தையும் தவிர அங்கே ஒன்றும் இல்லை, சுவரில் அவன் நிழல்கூட ஒழுங்காக விழாத வெளிச்சம், அந்த வெளிச்சத்தில் பலகைக்கும் பம்பருக்கும் நடுவே வெறும் காற்றில் கையை நீட்டித் துழாவிக்கொண்டு நின்றது அவனுக்கே கேவலமாக இருந்தது. திரும்பும்போதுதான் வாசனை வந்தது. ஈரப் புழுதியும் பிளீச்சிங் பவுடரும். காலையில் வசீம் தரையைக் கழுவியிருப்பான் என்று நினைத்தான். வசீம் இந்தத் தரையைக் கழுவுவதில்லை, துணி வைத்துத் துடைப்பதோடு சரி. அதுவும் அவனுக்குத் தெரியும்.

கேமராவைத் துடைத்தான். நாமத்தின் பசை ஒரு கோடாக ஒட்டியிருந்ததைச் சுரண்டினான். மறுபடி அழுத்தினான்.

இலக்கு மறைக்கப்பட்டுள்ளது. பாதசாரி. இரண்டு புள்ளி ஒன்று மீட்டர்.

இந்தத் தடவை அளவுகளையும் பார்த்தான். பார்த்திருக்க வேண்டாம். உயரம் ஒரு மீட்டர் நாற்பத்தெட்டு. அகலம் ஒரு மனிதருக்கு உண்டான அகலம் இல்லை. ஒரு பக்கம் மட்டும் தள்ளிக்கொண்டு, தலைக்கு மேலும் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. தோளில் ஒரு கம்பைச் சாத்தி நிற்கிற ஆளுக்கு வண்டி அப்படித்தான் பெட்டி வரையும். அவன் நிறையப் பார்த்திருக்கிறான்.

கண்ணாடி வழியாகத் தரையைப் பார்த்தான். சாம்பல் தரையில் லேசாகப் படிந்த தூசி, பலகையிலிருந்து வண்டி வரை, அரைவட்டம் அரைவட்டமாகக் கீறியிருந்தது. ஒரே அளவு. ஒரே இடைவெளி. அவன் நடந்து போய் வந்த செருப்புத் தடம் அந்தக் கீறல்களுக்கு அடியில் அழிந்திருந்தது.

ஹாரனை மூன்று தடவை அடித்தான். யாரும் வரவில்லை. மறுபடி மூன்று. தொழுகையில் இருப்பார்கள். மார்ட்டினும் வரதுவும் எங்கேயாவது நிழலில் உட்கார்ந்து, வசீம் வரட்டும் என்றிருப்பார்கள். அவர்களாக எழுந்து ஒரு பூட்டைத் திறக்கிற ஜாதியா? போன் வெளியே மேஜையில் சார்ஜில் கிடந்தது.

திங்கட்கிழமை, என்று சொல்லிக்கொண்டான். பயப்பட வேண்டியது அதற்குத்தான். செத்தவளால் ஒன்றும் ஆகாது. படிக்கத் தெரிந்த என்ஜினீயரால் ஆகும்.

அழுத்தினான்.

பூஜ்யம் புள்ளி ஆறு மீட்டர். பானெட்டுக்கு நேர் முன்னால்.

அங்கே ஒன்றும் இல்லை. சதுரங்கள் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. ஆனால் சத்தம் வந்தது. ஒரு தடவை. நின்றது. இன்னொரு தடவை. ஈர்க்குச்சி தரையில் இழுபடும் சத்தம். அவசரமே இல்லாமல். தினமும் காலையில் கேட்கிற அதே சத்தம். தினமும் காலையில் வருகிற அதே எரிச்சல் அவனுக்குள் கிளம்பியது. அது பயத்தைவிடப் பழக்கமானது. அதைப் பிடித்துக்கொண்டான். இவள் ஒருத்தி. உயிரோடு இருந்தபோதும் வழியில் நின்றாள், இப்போதும் நிற்கிறாள்.

கை தானாக ஹாரனைத் தொட்டது. சின்னதாக ஒன்று. பைக்கில் அடிப்பதுபோல்.

"ஓரமாப் போம்மா," என்றான்.

சத்தம் நின்றது.

பட்டியலில் இருந்த வரி நகர்ந்தது. வலது பக்கம். இன்னும் வலது பக்கம். கேமராவின் பார்வைக்கு வெளியே போய், அணைந்தது.

இலக்கு கிடைத்தது.

பத்து சதவீதம். முப்பது. அறுபது. தொண்ணூறு. நூறு. பச்சை எழுத்தில் வெற்றி என்று வந்தது. கீழே இன்றைய தேதி. பழைய தேதி இருந்த இடத்தில் இன்றைய தேதி. மூன்று வாரமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. சிரிப்புகூட வந்தது. எவ்வளவு சுலபம். சொன்னால் போய்விடுவாள். எப்போதும் போய்விடுவாள்.

வண்டியின் திரை புதுப் பார்வையோடு விழித்தது. முன்னால் யாரும் இல்லை.

வலது பக்கக் கண்ணாடியில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

கண்ணுக்கு மறைவான பக்கத்தில் ஆள் வந்தால் எரிகிற விளக்கு. ஓட்டுகிறவன் பக்கம். அவன் தோளுக்குப் பக்கம். ஓரம்.

அவன் திரும்பவில்லை. கண்ணாடியை மட்டும் பார்த்தான். மஞ்சள் விளக்கு, அதற்குப் பின்னால் சாம்பல் சுவர். வேறொன்றும் இல்லை. பிளீச்சிங் பவுடர் மூக்கை எரித்தது.

ஹாரனில் கையை வைத்து அழுத்தினான். எடுக்கவில்லை. அறை முழுக்க அந்த ஒரே சத்தம். அது தீர்ந்து அவன் கை நழுவியபோது, வெளியே யாரும் பூட்டைத் தொடவில்லை.

திரையில் வண்டியை மேலிருந்து பார்க்கிற படம் வந்தது. நான்கு கதவுகள். வலது பின்கதவு சிவப்பாக மாறியது.

திறந்திருக்கிறது.

காற்று உள்ளே வந்தது. ஈரமாக.

வண்டி பின்பக்கம் கொஞ்சம் அமுங்கியது. ஒரு ஆள் ஏறினால் அமுங்குகிற அளவு. ஏதோ நீளமாக ஒன்று மேற்கூரையில் உரசியது. உள்ளே இழுபட்டது.

டிங்.

பின்சீட்டு. வலது பக்கம். பெல்ட் போடவில்லை.

டிங்.

நடுக் கண்ணாடியை அவன் பார்க்கவில்லை. அவனைப் பார்க்கிற கேமரா ஒன்று ஸ்டீயரிங்குக்கு மேல் இருந்தது, ஓட்டுகிறவன் கண் அசந்தால் சொல்லுவதற்கு. அது இப்போது திரையில் எழுதியது: ஓட்டுநரின் கண்கள் திறந்துள்ளன. அடுத்த வரியில் அதையே மறுபடி எழுதியது. அவன் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டான். மூடுகிற இமைக்கு நடுவே கடைசியாகக் கண்ணில் பட்டது மூன்றாவது தடவை வந்த அதே வரி.

அவளுக்குப் பின்னால் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. பிறகு நான்கு கதவும் ஒரே சொடுக்கில் பூட்டிக்கொண்டன.