கயல்விழி ஹீல்ஸ் போடமாட்டாள்

கயல்விழிக்குப் பிடித்தது பழுப்பு நிறச் செருப்பு. தட்டையானது, பின்னால் வார் வைத்தது. கடைக்காரர் அதைப் பையன்களுக்கான அலமாரியிலிருந்து எடுத்ததுதான் சிக்கல்.

அம்மாவின் கையில் பொன்னிற ஹீல்ஸ் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீமுஷ்ணத்தில் தேவி சித்திக்குக் கல்யாணம்.

“நம்ம வூட்டுப் பொம்பளைங்க எல்லாருமே குள்ளம்டி. ஹீல்ஸ் போடலன்னா குடும்ப போட்டோவுல மறைஞ்சிடுவோம். எங்க அக்கா போட்டாங்க, நான் போட்டேன், இப்ப நீ” என்றாள் அம்மா.

கயல்விழி அதைப் போட்டு நடந்து பார்த்தாள். உடனே கடைக்காரரின் மேசையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அவள் தெருவில் செராமிக் பட்டறைகள் கொட்டிய பீங்கான் சில்லுகள் கிடக்கும். அங்கே ஓடுவதற்குத் தட்டைச் செருப்புதான் வசதி. ஆனால் அதைச் சொல்லித் தப்பிக்க அவளுக்கு விருப்பமில்லை.

“எனக்கு இதுதான் புடிச்சிருக்குதும்மா. இல்லன்னா பழசையே போட்டுக்கிட்டு வரேன்.”

பழைய செருப்பின் வாரில் ஊக்கு குத்தியிருந்தது. அம்மா பெருமூச்சு விட்டுப் பழுப்புச் செருப்பை வாங்கினாள். பெரியம்மா கேட்டால் நீயே பதில் சொல்லிக்கொள் என்றாள்.

பெரியம்மா சொர்ணாம்பாள் கேட்காமல் இருப்பாரா? மண்டப வாசலில் அவர் முதலில் பார்த்ததே அவள் காலைத்தான்.

“இன்னா கயலு, எந்தப் பையன் செருப்ப மாத்திப் போட்டுக்கிட்டு வந்துட்ட?”

எல்லோரும் சிரித்தார்கள். கயல்விழியின் காதுகள் சூடாயின. கால்களைப் பாவாடைக்குள் மறைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. மறைக்கவில்லை.

“என்னோடதுதான் பெரிம்மா. நானே பாத்து வாங்கினேன்.”

சாப்பாடு முடிந்ததும் மரத்தடியில் குடும்பப் படம் எடுக்க நின்றார்கள். உயரமான மாமாக்கள் முன்னால் நின்றுகொண்டார்கள். அம்மாவும் பெரியம்மாவும் வழக்கம்போலப் பின்னால் போய் எக்கினார்கள். அது மண் தரை. பெரியம்மாவின் ஹீல்ஸ் மெல்லப் புதைந்தது. ஏறிய உயரமெல்லாம் இறங்கிப்போனது. அம்மா கால்வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அவர்களோடு பின்னால் நின்ற கயல்விழிக்குத் தெரிந்தது மாமா ஜெயராஜின் முதுகு மட்டுமே.

“குள்ளமா இருக்கறவங்க ஏம்மா பின்னாடி நிக்கணும்?”

கயல்விழி மாமாக்களுக்கு நடுவே புகுந்து முன்னால் வந்து நின்றாள்.

படக்காரர் கேமராவிலிருந்து நிமிர்ந்தார். “பாப்பா, அங்க நின்னா செருப்பெல்லாம் தெரியும்.”

“தெரியட்டும்ண்ணே.”

அவள் திரும்பி அம்மாவை நோக்கிக் கை நீட்டினாள். அம்மா தயங்கினாள். பிறகு ஹீல்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மாமாவை விலகச் சொல்லி முன்னால் வந்தாள்.

பின்னாலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது. “கொஞ்சம் தள்ளுங்கடி. எனக்கும் எடம் வுடுங்க.”

அவர் வந்துவிட்டார். அவருடைய ஒரு ஹீல்ஸ் மட்டும் மண்ணிலேயே நின்றுவிட்டது.

படக்காரர் பொத்தானை அழுத்தினார். குள்ளமான மூன்று பேரும் தலை முதல் கால் வரை முழுசாகப் படத்தில் விழுந்தார்கள்.