நிரம்பித் தளும்பிய கண்மாய்

எழில்கண்கள் என்ற பறக்கும் படக்கருவிகள் ஆலங்கண்மாய் ஊருக்கு மேலே வட்டமிட்டபோது, கண்மாயில் சீமைக்கருவேலம் தவிர வேறெதுவும் இல்லை. ஊர்த் திடலில் கட்டிய ஒளிபரப்புத் திரையிலோ கரை தொட்டுத் தண்ணீர் தளும்பியது. நாரைகள்கூட நின்றன.

மிதிவண்டிப் பெரும்போட்டி கடந்துபோகும் எல்லா ஊர்களுக்கும் இந்தப் பறக்கும் கருவிகளின் சேவை இலவசம். ஊர் கேட்டுக்கொண்டால், மண்ணில் இல்லாததையும் ஒளிபரப்பும்போதே படத்தில் சேர்த்துவிடும். பார்ப்பவருக்குத் துளியும் வித்தியாசம் தெரியாது.

பேச்சிக்கனிக்கு அந்த இலவசம்தான் உறுத்தியது. லாரித் தண்ணீரைத் தெருத்தெருவாகப் பிரித்துவிடுகிறவள் அவள். சும்மா கிடைக்கும் எதையும் நம்பமாட்டாள்.

"அண்ணாச்சி, இந்தப் படத்த யாரெல்லாம் பாப்பாக?"

"உலகமே பாக்கும் தாயி!" ஊராட்சித் தலைவர் கொம்பையா மீசையைத் தடவினார்.

"உலகத்த விடுங்க. நீர்ப்பங்கி பாக்குமா?"

மாவட்டத்துக்கே லாரித் தண்ணீர் பங்கிடும் இயந்திர மூளைதான் நீர்ப்பங்கி. எந்த ஊர் காய்ந்து கிடக்கிறது என்பதை வான்படங்களைப் பார்த்தே அது முடிவு செய்யும்.

"அதுக்கு வேற சோலி இல்லையா? பக்கத்து ஊரு மேட்டுப்புதூர்க்காரன் மலையக் காட்டுவான். நாம முள்ளுக்காட்டக் காட்டவா? ஊர் மானம் என்னத்துக்கு ஆகும்?"

வீரர்கள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தார்கள். திரையில் அவர்கள் நீல நீரோரம் போனார்கள். 'தெற்கின் சொர்க்கம்' என்றார் வர்ணனையாளர். பெண்கள் குலவையிட்டார்கள். பேச்சிக்கனிக்கும் ஒரு கணம் பெருமையாகத்தான் இருந்தது. அதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

மேட்டுப்புதூர் மட்டும் எழில்கண் வேண்டாமென்று சொல்லி, வறண்ட கிணறுகளையும் மொட்டை மலையையும் அப்படியே காட்டியது. கொம்பையா விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்த வாரம் வழக்கமான ஒரு லாரிக்குப் பதில் ஆறு லாரிகள் வந்தன. பெண்கள் குடங்களோடு ஓடினார்கள். பேச்சிக்கனி முதல் லாரியின் தொட்டியைத் தட்டிப் பார்த்தாள். காலி.

ஓட்டுநர் தடித்த குழாயை இறக்கினார். "கண்மாய் எந்தப் பக்கம்க்கா? இங்கருந்து மேட்டுப்புதூருக்குத் தண்ணி எடுக்கச் சொல்லி நீர்ப்பங்கி உத்தரவு."

பின்னால் நின்ற லாரியிலிருந்து மேட்டுப்புதூர்த் தலைவர் மாலையோடு இறங்கினார். "கொம்பையாண்ணே, எங்க சனத்துக்கு உசுரு குடுத்திருக்கீக!" என்று தழுதழுத்தார்.

கொம்பையாவின் முகம் வெளிறியது. பிறகு மெல்லக் கழுத்தைக் குனித்து மாலையை வாங்கிக்கொண்டார். "வடக்க போங்க. வேணுங்கிற அளவு எடுத்துக்கோங்க."

"யோவ், கண்மாய்ல ஏதுய்யா…" என்று பேச்சிக்கனி ஓட்டுநரிடம் ஆரம்பித்தாள்.

காலிக் குடங்களோடு நின்ற ஊரே அவளைத் திரும்பிப் பார்த்தது, துரோகியைப் பார்ப்பதுபோல.