குலுங்காத சாலை

அரளிமலையின் பதினான்காவது கொண்டை ஊசி வளைவில் பேருந்தின் முன்சக்கரம் குழிக்குள் இறங்கியது. மறுபடி ஏறவில்லை. ஓட்டுநர் செங்கோடன் கீழே இறங்கிக் குனிந்து பார்த்து, அச்சு முறிந்துவிட்டது என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் ஏழெட்டு மோட்டார் சைக்கிள்கள் தரையை உரசுகிற மாதிரி சாய்ந்து, அதே வளைவைச் சத்தமில்லாமல் கடந்து போயின. ஒருத்தன் பின்னால் முட்டைத் தட்டுகளை ஆளுயரத்துக்கு அடுக்கிக் கட்டியிருந்தான். ஒரு முட்டைகூட உடையவில்லை.

பேருந்தின் கடைசி இருக்கையில் பாவாயி படுத்திருந்தாள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு மூன்று வருடம். திங்களும் வியாழனும் அடிவாரத்து ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் அவள் ரத்தத்தை இயந்திரத்தில் ஓட்டிச் சுத்தம் செய்து அனுப்புவார்கள். அது முடிந்தால் அவளுக்குத் தலை நிற்காது, படுத்தே ஆகவேண்டும். அதனால்தான் பேருந்து. அன்று வியாழக்கிழமை, வீடு திரும்பும் வழி.

"இனிமே பஸ்ஸு மலைக்கு வராதுங்ண்ணா," என்றார் செங்கோடன், அவள் புருஷன் ராக்கியண்ணனிடம். "இன்னொரு அச்சு முறிஞ்சா ரூட்டே கட்டுன்னு டிப்போல முன்னாடியே சொல்லியாச்சு."

ராக்கியண்ணன் குழிக்குள் கையை விட்டுப் பார்த்தார். முழங்கை வரை போயிற்று.

முட்டைக்காரன் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தான். "அக்காவ என் வண்டில ஏத்துங்ண்ணா. தொட்டில்ல போட்ட மாதிரி கொண்டாந்து விட்டுடறேன்."

"தரை எங்க இருக்குதுன்னே தெரியாத வண்டில என் பொண்டாட்டிய ஏத்த மாட்டன். நீ போ."

பேருந்து இருக்கையைக் கழற்றி, நாலு பேராகப் பாவாயியை மேலே தூக்கிப் போனார்கள்.

ராக்கியண்ணன் மலையில் மெக்கானிக். அந்த வண்டிகள் அத்தனைக்கும் புதுச் சாமான் மாட்டிக் கொடுத்ததே அவர் கைதான். நம்பி மாட்டவில்லை, கேட்டார்கள், மாட்டினார். முன்பெல்லாம் இருபத்திரண்டு வளைவிலும் வருடத்துக்குப் பத்துப் பேர் சறுக்கிச் செத்தார்கள். பிறகு வேர்ச்சக்கரம் வந்தது. அந்த டயரின் ரப்பருக்குள் மயிரைவிட மெல்லிய இழைகள் லட்சக்கணக்கில் இருக்கும். வண்டி சாயும்போது அவை நீண்டு, வேர் மாதிரி தாரைக் கவ்வும். நிமிர்ந்ததும் பிடுங்கிக்கொண்டு உள்ளே போகும். கூடவே முன்னறி தாங்கியும் வந்தது. எதிரே வரும் குழியை முன்கூட்டியே பார்த்து, சக்கரத்தை மட்டும் இறக்கி ஏற்றும். உட்கார்ந்திருப்பவன் உடம்புக்குச் சேதியே போகாது. மலைக்காரர்கள் அதற்குத் தொட்டில் என்று பெயர் வைத்தார்கள். நாலு வருடமாக மலைச்சாலையில் ஒரு சாவு கிடையாது. அதை ராக்கியண்ணனும் மறுக்கவில்லை.

ஆனால் கழற்றிய டயர்களைக் கழுவும்போதெல்லாம் இழைகளின் இடுக்கில் தார்ப்பொடியும் ஜல்லித் துணுக்கும் வந்தன. பிடுங்கும்போது ஒரு சிட்டிகை. ஒரு வண்டிக்கு ஒரு சிட்டிகை என்றால் ஒன்றுமில்லை. நாலாயிரம் வண்டி, நாலு வருடம். சாலையைச் சக்கரங்கள் தின்றுகொண்டிருந்தன. தின்றது தெரியாமல் தொட்டில் எல்லோரையும் தாலாட்டிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை நடந்தே மலையிறங்கி, சாலை அலுவலகத்துக்குப் போனார். பதினான்காம் வளைவில் பெயர்த்தெடுத்த தார்க்கட்டி ஒன்று கையில் இருந்தது. பொறியாளர் நிலவரசி மரியாதையான பெண். உட்காரச் சொல்லி, சுவரில் இருந்த பெரிய திரையைக் காட்டினாள். எந்தச் சாலையைச் சரிசெய்வது என்று இப்போது மனிதர்கள் முடிவு செய்வதில்லை. ஒவ்வொரு வண்டியும் தான் எவ்வளவு குலுங்கியது என்று தானே அலுவலகத்துக்குச் சொல்லிவிடும். அதற்குக் குலுக்கல் கணக்கு என்று பெயர். குலுக்கல் கூடினால் திரையில் சாலை சிவப்பாகும், தார் லாரி கிளம்பும். சிபாரிசு கிடையாது, லஞ்சம் கிடையாது. அரளிமலைச் சாலை பச்சைப்பசேல் என்று இருந்தது.

ராக்கியண்ணன் தார்க்கட்டியை மேசைமேல் வைத்தார். பேருந்து அச்சைப் பற்றிச் சொன்னார். ஒரு நாளைக்கு இரண்டு பேருந்து, அதன் குலுக்கலை நாலாயிரம் வண்டியோடு சேர்த்துச் சராசரி பார்த்தால் காணாமல் போய்விடும் என்று அவள் விளக்கினாள்.

"நேர்ல வந்து பாரும்மா."

"போன மாசம் நானே வந்தேங்கய்யா. கையில காப்பி வச்சுக்கிட்டே மேல வரைக்கும் வந்தேன், ஒரு சொட்டு சிந்தல." அவள் பொய் சொல்லவில்லை. ராக்கியண்ணன் தார்க்கட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மனிதன் பேச்சு எடுபடாது, வண்டி பேச்சுத்தான் எடுபடும் என்று தெரிந்துபோயிற்று. அவரிடம் பழைய வண்டி ஒன்று இருந்தது. இரும்புச் சுருளும் எண்ணெயும் போட்ட சாதாரணத் தாங்கி, மொட்டை டயர். குலுக்கலைச் சொல்லும் சின்னத் திரை மட்டும் எல்லா வண்டியையும் போல அதிலும் உண்டு. சனிக்கிழமை விடிந்ததும் அதில் ஏறி, அடிவாரத்துக்கும் உச்சிக்கும் ஓட்ட ஆரம்பித்தார். ஒவ்வொரு குழியும் முதுகெலும்பில் ஏறியது. வழியில் நிற்கிறவர்களிடம் எல்லாம், ஒரே ஒரு நாள் தொட்டிலை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள், சாலை சிவப்பாகிவிடும் என்று கேட்டார். ஏன்ணா, உங்க முதுகு ஒண்ணு போறாதா என்று சிரித்தார்கள். முட்டைக்காரன் மட்டும் அவருக்காகத் தொட்டிலை நிறுத்தினான். முதல் வளைவிலேயே இரண்டு தட்டு முட்டை போயிற்று. மன்னிச்சுக்கங்ண்ணா என்று மறுபடி முடுக்கிக்கொண்டான்.

ஞாயிறு மாலைக்குள் பதினெட்டுத் தடவை ஏறி இறங்கியிருந்தார். சிறுநீரில் ரத்தம் கலந்து வந்தது. பாவாயியிடம் சொல்லவில்லை.

திங்கள் காலை ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். இரண்டாவது வளைவோடு அது திரும்பிப் போய்விட்டது. முட்டைக்காரன் வாசலில் வண்டியோடு வந்து நின்றான். தார் லாரி வந்துவிடும், பொறு என்று ராக்கியண்ணன் அவனை அனுப்பிவிட்டார். மத்தியானம் அலுவலகத்தின் பதில் அவர் கைபேசிக்கு வந்தது. அச்சாலையில் ஓடும் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு வண்டிகள் குலுங்கவில்லை. தங்கள் வண்டி ஒன்று மட்டும் குலுங்குகிறது. ஆகவே தங்கள் வண்டி பழுது. ஏழு நாளில் முன்னறி தாங்கி பொருத்தாவிட்டால் சாலையில் ஓட அனுமதி இல்லை.

இரண்டு தடவை படித்தார். கோபம்கூட வரவில்லை.

அன்றைய முறை தவறியதில் பாவாயியின் கால்கள் வீங்கின. முகம் ஊதியது. படுத்தால் மூச்சு முட்டியதால் சுவரில் சாய்ந்தே இருந்தாள். செவ்வாய் விடியும்போது, "என்னைய ஏனுங்க கீழ கொண்டு போக மாட்டேங்கறீங்க?" என்று கேட்டாள். குறையாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

ராக்கியண்ணன் கடையைத் திறந்து, பழைய வண்டியின் இரும்புச் சுருள்களைக் கழற்றிப் போட்டார். விற்க வைத்திருந்த தொட்டில் ஒன்றைப் பூட்டினார். மொட்டை டயர்களை உருவிவிட்டு வேர்ச்சக்கரம் மாட்டினார். நாலாயிரம் வண்டிக்குச் செய்து பழகிய கை. அரைமணி நேரம்தான் ஆயிற்று. பாவாயியைப் பின்னால் உட்காரவைத்து, அவள் சேலை ஒன்றால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

வண்டி இறங்கியது. ஒரு சின்ன அதிர்வும் இல்லை. எத்தனை வருடப் பழக்கமோ, ஒவ்வொரு குழிக்கும் அவர் உடம்பு தானாக இறுகியது. குழி வந்தது, போனது, உடம்புக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. பதினான்காம் வளைவில் சாய்ந்தபோது டயர் தரையைக் கவ்வுவது கேட்டது. நிமிர்ந்தபோது பிடுங்குவதும் கேட்டது. முதுகில் சாய்ந்திருந்த பாவாயியின் மூச்சு மெல்லச் சீரானது.

ஒன்பதாம் வளைவில் கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "ஏனுங்க, ரோடு போட்டுட்டாங்களா?"

ராக்கியண்ணன் கீழே பார்த்தார். அந்த இடத்தில் தாரே இல்லை. ஜல்லியும் போய், மலையின் செம்மண் தெரிந்தது.

"போட்டுட்டாங்க புள்ள. தூங்கு."

ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலியோடு வந்த நர்ஸ், சேலை முடிச்சை அவிழ்த்துப் பாவாயியை உள்ளே கொண்டு போனாள். இன்னும் அரைநாள் தாமதித்திருந்தால் உயிரோடு கொண்டுவந்திருக்க முடியாது என்று போகிற போக்கில் சொன்னாள். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு மறுபடி வந்துவிட வேண்டும், தவறக்கூடாது என்றாள். ராக்கியண்ணன் தலையாட்டினார்.

வண்டியை நிறுத்தும்போது கைப்பிடிக்கு நடுவே இருந்த சின்னத் திரை ஒளிர்ந்தது. இத்தனை வருடமாக ஊரார் வண்டிகளில் அவர் பார்த்த அதே எழுத்து.

குலுக்கல் பூஜ்யம். சாலை மிக நன்று. வண்டிகள் 4,113. மாற்றுக் கருத்து இல்லை.