வாசலில் செருப்பு இல்லை

கிடார் பெடலைக் குதிகால் பக்கம் அழுத்தி வைத்துவிட்டுத்தான் தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்தான். திரும்பி வந்து பார்த்தபோது அது விரல் பக்கம் சாய்ந்து கிடந்தது.

லூர்துபிரகாஷ் குனிந்து அதைக் கையால் அசைத்துப் பார்த்தான். பழைய பெடல்களில் நடு ஆணி தளர்ந்தால் பலகை தானாகச் சாயும். ஆனால் இதை நேற்றுதான் ஸ்பேனர் போட்டு இறுக்கியிருந்தான். இப்போதும் கைக்கு முரண்டு பிடித்தது.

"புரு, உள்ள யாருன்னா வந்தாங்களா?"

"இங்க நம்ம ரெண்டு பேர உட்டா கொசுதான் இருக்குது மச்சி," என்றான் புருஷோத்தமன், கதவில் சாய்ந்தபடி. "அது மிதிச்சிருக்கும்."

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் முன்பு பிளாஸ்டிக் மூடி செய்துகொண்டிருந்த கொட்டகை அது. புருஷோத்தமன் அதை வாடகைக்கு எடுத்து இரண்டாகத் தடுத்து ரெக்கார்டிங் ஸ்டூடியோ ஆக்கியிருந்தான். வாசிக்கிறவர்கள் இருக்கும் உள்ளறையின் சுவர்களில் தென்னை நார் மெத்தைகளும் கல்யாண மண்டபக் கம்பளங்களும் ஆணியடிக்கப்பட்டிருந்தன. மழைக்காலத்தில் அவை ஊறி, நனைந்த நாய் படுத்த சாக்கைப்போல ஒரு வாடை எப்போதும் நிற்கும். ஜன்னல் கிடையாது. சத்தம் கசியும் என்று கண்ணாடியும் வைக்கவில்லை. கதவின் உள்தாழ்ப்பாள் பேஸ் கிடாருக்குக் கடகடவென்று ஆடியதால் அதையும் கழற்றிவிட்டான். வெளியே கனத்த தாழ்ப்பாள் மட்டும். அதைப் போட்டால் கதவோரத்து ரப்பர் நசுங்கி, பட்டாசு வெடித்தாலும் உள்ளே கேட்காது.

அங்கே வருகிற எல்லோருக்கும் தெரிந்த ஒரே சட்டம் செருப்புதான். கோயிலில் போலவே உள்ளறை வாசலில் கழற்றிவிட வேண்டும். செருப்பு இருந்தால் உள்ளே ஆள் வாசித்துக்கொண்டிருக்கிறது, கதவைத் தொடக்கூடாது. இல்லாவிட்டால் அறை காலி. செல்போனும் உள்ளே வரக்கூடாது, கிடாரில் அதன் இரைச்சல் ஏறும். பிரகாஷ் அதை ஸ்கூட்டர் பெட்டியிலேயே வைத்துவிட்டு வருவான்.

"நாளைக்கு தீபாவளி, பேட்டையே காலி," என்றான் புருஷோத்தமன். "நான் மாமியார் ஊட்டுக்கு தவளக்குப்பம் போயாவணும். இந்த ஒரு பாட்டு முடிச்சிடு, கெளம்பிடலாம். டீ வாங்கினு வந்துடறேன், அதுக்குள்ள நீ பழகினு இரு. தாப்பா போடல, சும்மா சாத்திட்டுப் போறேன்."

"லேட் பண்ணாதடா. ஆஷ்லினுக்கு மத்தாப்பு வாங்கித் தரேன்னு சொல்லிட்டேன். வாங்காம போனா கேட்டத் தொறக்க மாட்டா."

"வேதக்காரனுக்கு எதுக்குடா மத்தாப்பு?"

"அத என் பொண்ணாண்ட வந்து சொல்லு."

சிரித்துக்கொண்டே புருஷோத்தமன் கதவைச் சாத்தினான். அறை காதை அடைத்தது. பிரகாஷ் ஹெட்போனை மாட்டினான். வெளியறை மேசைமேல் புருஷோத்தமன் பேசுகிற மைக் அணைக்கப்படாமல் இருந்ததால் மின்விசிறியின் கிறீச்சும், ஓட்டின்மேல் மழையும், தூரத்துச் சரவெடியும் காதுக்குள் வந்துகொண்டிருந்தன. வெளியே இருப்பது அவனுக்குக் கேட்கும். அவனிடமிருந்து வெளியே போவது கிடாரின் ஒயர் ஒன்றுதான். அதுவும் பெடல் வழியாகத்தான்.

வெறுங்காலைப் பலகைமேல் வைத்தான்.

அந்தப் பொருத்தத்துக்காகத்தான் அதை வாங்கினான். சர்ச் பூசையில் வாசிப்பவர்கள் எல்லோரையும்போல இதன் பழைய சொந்தக்காரரும் செருப்பில்லாமல் மிதித்துப் பழகியவர். கறுப்பு ரப்பர் ஒரு இடது பாதத்தின் வடிவில் குழிந்து தேய்ந்திருந்தது. குதிகால், பக்கவாட்டு மேடு, ஐந்து விரல்கள். பிரகாஷ் கால் வைத்ததும் ஐந்தும் ஐந்து குழியில் போய் உட்கார்ந்தன. குதிகாலை அழுத்தினால் கிடார் வாயை மூடிக்கொண்டு முனகும்; விரலை அழுத்தினால் வாயைத் திறந்து கத்தும். விரல் பக்கம் கடைசிவரை போனால் அடியில் ஒரு ரப்பர்க் கட்டை தடுத்து நிறுத்தும். அவ்வளவுதான் அந்தக் கருவி.

விற்றது உழவர்கரையில் ரோசா என்கிற பெண்மணி. கணவர் அமலநாதனின் பொருட்களை ஒழித்துக்கொண்டிருந்தார்.

"ரூமுக்குள்ளதான் வாசிச்சிகிட்டு இருந்தாரு தம்பி. பாத்தா வாசல்ல செருப்பு இல்ல. வெளிய போயிட்டாருன்னு நானும் ரூம பூட்டிட்டேன். அப்பறம் தொறந்தா கிடாரு இருக்குது, இந்த மிதிக்கிறது இருக்குது, அவரு இல்ல."

"எங்க போனாருக்கா?"

"பிரான்சுக்குப் போயிட்டான்னு அவங்க அண்ணன் சொல்றாரு. ரப்பர் செருப்பு போட்டுகினு யாரு தம்பி பிரான்சுக்குப் போவா?" ரோசா பெடலைத் துணியால் துடைத்தார், ரப்பர்மேல் படாமல், ஓரத்தை மட்டும். "அன்னிக்கே எங்க ஊட்டுக்காரரு வந்து கேட்டாண்ட நின்னாரு. நான்தான் தொறக்கல."

ஏன் என்று பிரகாஷ் கேட்கவில்லை. பெடல் கைக்கு வந்துவிட்ட சந்தோஷம்.

இப்போது வாசிக்கத் தொடங்கினான். பாட்டு பாதி போயிருக்கும், ஹெட்போனில் மழைக்கு நடுவே வேறொரு சத்தம். தரையில் ரப்பர் உரசும் சத்தம். நின்றது. பிறகு நடந்தது. டப், சடக். டப், சடக்.

அவன் கை கம்பிமேல் அப்படியே நின்றது. இடது செருப்பின் வார் அறுந்து, ஊக்கு குத்தி வைத்திருந்தான். அந்த ஊக்கு நடக்கும்போது சடக்கென்று தட்டும். அது அவனுடைய செருப்பு.

"புரு?"

எவனோ திருடன். எழுந்தான். இடது கால் வரவில்லை.

வேர்வையில் ரப்பர் ஒட்டிக்கொண்டது என்று நினைத்தான். இழுத்தான். பெடல் காலோடு தூக்கிக்கொண்டு வந்தது, கனமாக, உள்ளே எதுவோ குலுங்க. அதை இழுத்தபடி ஒரு எட்டு வைத்தான். பெடலிலிருந்து வெளியே போகும் ஒயர் இழுபட்டு, மேலே போகவிடாமல் நிறுத்தியது. பெடலிலிருந்து பிடுங்கப் பார்த்தான், அது கழலவில்லை. கிடாரில் செருகியிருந்ததும் கழலவில்லை. கதவு எட்டடி தள்ளி இருந்தது.

ஹெட்போனில் புருஷோத்தமனின் குரல் கேட்டது. யாரோடோ போனில் பேசிக்கொண்டே வந்தான். "இல்லம்மா, கெளம்பிட்டேன். அவன் இப்பதான் போறான். கேட்டாண்ட எதுர்ல வரான், டீ வேணாமாடான்னு கேக்கறேன், வாயே தொறக்காம போறான். வண்டியையும் உட்டுட்டு, மழையில. கிறுக்கன்."

பிரகாஷ் கத்தினான். மெத்தைகள் அந்தக் கத்தலைக் குடித்தன. கிடார்க் கம்பிகளை நகம் பெயர அடித்தான். கம்பிகள் அதிர்ந்தன. ஹெட்போனில் ஒன்றும் இல்லை. வெளியேயும் ஒன்றும் போகவில்லை.

"ஆமா, செருப்பும் இல்ல. பூட்டினு வரேன்."

தாழ்ப்பாள் விழுந்தது. ரப்பர் நசுங்கியது.

மெயின் சுவிட்ச் அணைந்தது.

இருட்டில் நார் மெத்தையின் வாடை இன்னும் கிட்டே வந்தது. மூச்சு தன் முகத்தின்மேலேயே திரும்பி விழுந்தது. மின்சாரம் இல்லை. ஹெட்போன் செத்திருக்க வேண்டும்.

டப், சடக்.

கழற்றி எறிந்தான். எங்கோ மெத்தைமேல் விழுந்தது. சத்தம் மட்டும் காதிலேயே இருந்தது. டப், சடக். ஈர மணல். தார். லாரி ஒன்று ஹாரன் அடித்து ஒதுங்கியது. சேறு. யாரோ கொளுத்திய சரம் வெடிக்க, பிள்ளைகள் கூவினார்கள். அந்தக் கூச்சல் ஓரிடத்தில் சட்டென்று நின்றது. டப், சடக். அவனுக்கு வழி தெரிந்தது. கோழிக்கடை. தண்ணீர்த் தொட்டி. மாதா சிலை வைத்த கெபி. அடுத்த திருப்பம்.

அவன் தெரு.

"ஜாஸ்லின்," என்றான் இருட்டிடம். "தொறக்காத."

செருப்பு நின்றது. வீட்டுக்குள் மனைவி ஜாஸ்லின் மிக்சி ஓட்டிக்கொண்டிருந்தாள். அதற்கு மேலே, கேட்டை நோக்கி ஓடிவரும் சின்னக் கால்கள்.

"அப்பா! மத்தாப்பு எங்க?"

அவன் கால் கீழே போனது. அவன் மிதிக்கவில்லை. பலகை விரல் பக்கம் சாய்ந்தது.

"பேசுப்பா. ஏன் வாய மட்டும் தொறக்கற?"

உயிரைக் கொடுத்துக் குதிகாலை அழுத்தினான். பலகை ஏறியது.

"மூடிட்ட!" ஆஷ்லின் சிரித்தாள். "இன்னொரு வாட்டி!"

அழுத்திப் பிடித்தான். முழங்காலை இரண்டு கையாலும் கட்டி இழுத்தான். அசையக்கூடாது. இப்படியே. இப்படியே இருந்துவிட்டால் போதும்.

கேட்டின் கொக்கி தூக்கப்படும் சத்தம். அந்தக் கேட் எப்போதும் தரையில் இழுபடும். இழுபட்டது.

பலகை சாயத் தொடங்கியது. மெதுவாக. அவன் எடை முழுவதும் குதிகாலில் இருந்தது. சாய்ந்தது. அடியில் ரப்பர்க் கட்டையைத் தொட்டது. நின்றது.

கட்டை நசுங்கியது.

இன்னும் சாய்ந்தது. கணுக்காலில் எலும்பு முறுக்கியது. பெடலின் அடியில் இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் இரும்பு இல்லை. இன்னும்.

"அப்பா," என்றாள் ஆஷ்லின், மிகக் கிட்டத்தில். சிரிப்பு இல்லை. "எவ்ளோ பெருசா தொறக்கற."