மூன்று ஆடுகளுக்காக நின்ற நூரி

மே 14, செவ்வாய்க்கிழமை. மாலை.

இன்றைய தவறு: காலையில் ஆடுகளை எண்ணும்போது, நேற்றிரவு பிறந்த மூன்று குட்டிகளையும் பெரிய ஆடுகளோடு சேர்த்து எண்ணிவிட்டேன்.

சின்னத் தவறுதான். ஆனால் அதனால் நான்கு பேர் ஒரு பகல் முழுவதும் தவறான திசையில் நடந்திருக்கிறோம். செய்த தவறை அன்றன்றே முதல் வரியில் எழுத வேண்டும் என்பது எங்கள் மாலைக் கல்லூரியில் களப்பணிக்குப் போகிறவர்களுக்கான விதி. எழுதிவிட்டேன். இனி நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது காஷ்மீரின் பீர் பாஞ்சால் மலையில், கணவாய்க்குக் கீழே ஒரு புல்வெளியில். கோடை வந்ததும் மந்தையோடு மலையேறும் பக்கர்வால் மேய்ப்பர்களிடம் அபூர்வமான ஒரு காவல் நாயினம் உண்டு. கன்றுக்குட்டி உயரம், கழுத்தைச் சுற்றி அடர்ந்த முடி, முன்பின் தெரியாதவரை நெருங்க விடாத குணம். அந்த நாய்களைப் பட்டியலிட நாகர்கோவில் கால்நடை மருத்துவர் ஃப்ளாரன்ஸ் டாக்டர் வந்திருக்கிறார். நோட்டும் எடைக்கருவியும் தூக்கிக்கொண்டு கூடவே வந்தவள் நான், இசக்கி. இந்தப் பள்ளத்தாக்கில் கலப்பில்லாத நாய்கள் பதினொன்றைத்தான் கண்டோம். அவற்றில் ஒன்பதாவது, நாங்கள் தங்கியிருக்கும் மந்தைக்குச் சொந்தக்காரர் ஜரீனாவின் நூரி. கறுப்பு உடல், வெள்ளைப் பாதங்கள்.

இன்று காலை நூரியைக் காணவில்லை!

ஜரீனா மந்தையைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். டாக்டர் மொழிபெயர்த்தார். "நெத்தியில வெள்ளை உள்ள ஆடு எங்கேன்னு கேக்காங்க."

நான் நோட்டை நீட்டினேன். நேற்று மாலை நூற்று எண்பத்தாறு, இன்று காலை நூற்று எண்பத்தாறு. ஜரீனாவுக்குப் படிக்கத் தெரியாது. இரண்டு வரிகளிலும் ஒரே எண் இருப்பதைக் காட்டியதும் தலையாட்டிவிட்டார். ஆடு எல்லாம் இருக்கிறது, நாய் மட்டும் இல்லை என்றால் திருட்டுதான் என்று முடிவு கட்டினோம். சாலையில் போகும் வண்டிக்காரர்கள் யாரோ தூக்கியிருக்க வேண்டும். கீழே ஓடினோம். சாலை வரைக்கும் இறங்கி, வண்டி வண்டியாய்க் கேட்டு, கால் வீங்கித் திரும்பினோம்.

மாலையில் பட்டியலைச் சுத்தப் பிரதி எடுத்தபோதுதான் டாக்டரின் பதிவேட்டில் அந்த வரியைப் பார்த்தேன். இரவுப் பிறப்பு: மூன்று.

"அக்கா... எண்ணிக்கை தப்பு. பெரிய ஆடு நூத்தி எம்பத்தி மூணுதான் இருக்கு."

"எட்டி, என்ன சொல்லுக நீ?" என்று எழுந்தார் டாக்டர்.

அவர் மற்றவர்களுக்கு மொழிபெயர்த்ததும், ஜரீனாவின் கொழுந்தன் மக்பூல் நோட்டை எட்டிப் பார்த்து இந்தியில் கேலி செய்தான். "நோட்டுல இருக்கிற ஆட்டைக் கறந்து ஒரு டீ போட்டுக் கொடு தங்கச்சி, பார்ப்போம்!"

என் முகம் சுருங்கிப்போனது. ஜரீனா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ மந்தையை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, இரண்டு கையையும் தட்டிச் சிரித்தார்!

"அப்ப நூரி திருடு போகலை! மூணும் சினையாடு. கறக்கக் கூப்பிடுற வரிசையில அதுங்க இல்லை, அதான் மத்த ரெண்டும் போனது எனக்கும் தெரியாமப் போச்சு. குட்டி போட ஒதுங்கியிருக்கும். ஆடு எங்கேயோ நூரி அங்கே."

மக்பூல் மட்டும் மேகத்தைப் பார்த்தான். "அண்ணி, நாளைக்கு மத்தியானம் வரைக்கும்தான் தேடலாம். பனி வரப்போகுது. மறுநாள் விடியக் கணவாயைத் தாண்டலைன்னா மந்தை முழுக்கச் செத்துப்போகும். நாய் கிடைச்சாலும் கிடைக்காட்டாலும் கிளம்பியாகணும்."

ஜரீனா சிரிப்பை நிறுத்திவிட்டார்.

மே 15, புதன்கிழமை.

விடிந்ததும் கிளம்பினோம். ஜரீனா, டாக்டர், நான். மக்பூல் மந்தையோடு நின்றுகொண்டான். நான் வர வேண்டுமா என்று எனக்கே சந்தேகம். "தொலைச்ச ஆளு வராம பின்ன யாரு வருவா?" என்று கயிற்றை என் தோளில் மாட்டினார் டாக்டர்.

ஓடையைப் பிடித்து மேலே ஏறினோம். உருளும் கற்கள்! ஒரு அடி ஏறினால் அரை அடி சறுக்கியது. இரண்டு மணி நேரம் கழித்து ஈர மண்ணில் ஆட்டுக் குளம்புகள் தெரிந்தன. அவற்றின் மேல் அகன்ற நாய்த்தடம். அதற்கு இருபுறமும் வேறு தடங்கள், நாயைவிட ஒல்லியாக.

"ஓநாய்," என்றார் ஜரீனா. "ரெண்டு."

அப்போதுதான் குரைப்பு கேட்டது. ஒரே ஒரு குரைப்பு, அடித்தொண்டையிலிருந்து.

ஓடைக்கு அந்தப் பக்கம், சாய்ந்த பாறையின் கீழே நின்றது நூரி! ஒரு காது கிழிந்து தொங்கியது. கழுத்திலிருந்த இரும்பு முள் பட்டையில் ரத்தம் காய்ந்திருந்தது. அதன் பின்னால் மூன்று ஆடுகள். நெற்றி வெள்ளை ஆட்டின் காலடியில் ஒரு குட்டி. இரண்டு இரவு, ஒரு பகல், சாப்பாடு இல்லாமல் அந்த இடத்தைவிட்டு நகராமல் நின்றிருக்கிறது! ஓநாய்கள் இரண்டும் மேல்சரிவில் உட்கார்ந்து, எங்களுக்கும் முன்பிருந்தே காத்திருந்தன.

ஓடையின் மேல் பனி பாலம்போல மூடியிருந்தது. அடியில் தண்ணீர் இரைந்தது. ஜரீனா கோலால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டார்.

"ஒல்லியானவங்க மட்டும்," என்றார்.

டாக்டர் தன் உடம்பைப் பார்த்துக்கொண்டார். "நான் கால் வச்சா பாலம் நேரா சமவெளிக்குப் போயிரும். கயிறு நான் பிடிக்கேன். போங்க பிள்ளைகளா!"

ஜரீனா கடந்தார். பின்னால் நான், இடுப்பில் கயிற்றோடு, காலடிகளை எண்ணிக்கொண்டே. முப்பத்தொன்று.

எஜமானியைப் பார்த்ததும் நூரி ஒருமுறை வாலாட்டியது. அவ்வளவுதான். ஜரீனா பெயர் சொல்லிக் கூப்பிட்டும் வரவில்லை. மறுபடி ஆடுகளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டது. என்னைப் பார்த்ததும் உதடு மேலேறியது.

"ஆடு நகராம அது நகராது," என்றார் ஜரீனா எனக்குத் தெரிந்த எளிய இந்தியில். "இந்த ரெண்டையும் கொம்பைப் பிடிச்சு நான் இழுத்துட்டுப் போறேன். குட்டி பனியில நடக்காது. நீ தூக்கு. தாய் உன் பின்னால வரும்."

"நூரி?"

"அதுக்கும் பின்னால வரும்." ஈரம் காயாத குட்டியின் முதுகில் தன் உள்ளங்கையைத் தேய்த்து, அந்த ஈரத்தை என் கைகளிலும் கழுத்திலும் பூசினார். பிறகு தாயின் மடியைப் பீய்ச்சி என் விரல்களை நனைத்தார். மந்தைக்குப் புதிதாக வரும் மருமகளுக்கும் இப்படித்தான் பூசுவார்களாம். "உட்கார். கண்ணைப் பார்க்காதே. அது முடிவு பண்ணட்டும்."

உட்கார்ந்தேன். சூடான மூச்சு என் விரலில் பட்டது, பிறகு கழுத்தில். ஓடிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நரம்பும் சொன்னது. ஓடவில்லை. தைரியத்தால் அல்ல. கால் மரத்திருந்தது.

நூரி என் விரலை ஒருமுறை நக்கிவிட்டு விலகியது.

குட்டியை அள்ளி மார்போடு அணைத்தேன். ஜரீனா ஆடுகளோடு முன்னே போய்விட்டார். நான் பனியில் கால் வைத்தேன். தாய் கத்திக்கொண்டே பின்னால் வந்தது. பாதி தூரத்தில் டாக்டர் அலறினார்: "இசக்கி! ஓநாய் எறங்குது! திரும்பாத, நட!"

பின்னால் ஒரு உறுமல். ஏதோ மோதும் சத்தம். ஓநாய் ஒன்றின் ஊளை சட்டென்று கத்தலாக மாறியது. காலடியில் பனி முனகியது. நான் எண்ணுவதை மறந்து ஓடினேன்! டாக்டர் கயிற்றோடு என்னை இழுத்துக் கரையில் போட்டார். தாயாடு என்மேலேயே ஏறிக் குதித்தது.

திரும்பிப் பார்த்தேன். ஓநாய்கள் சரிவில் ஏறி ஓடிக்கொண்டிருந்தன, ஒன்று நொண்டியபடி. நூரி துரத்தவில்லை. அந்தப் பாறைக்கடியில் மீண்டும் நுழைந்து, எதுவும் மிச்சம் இல்லை என்று மோந்து பார்த்துவிட்டு, நிதானமாகப் பாலத்தில் நடந்து வந்தது. பாலத்தின் நடுவே ஒரு விரிசல் ஓடியது. நூரி அவசரப்படவில்லை. அது கரையேறிய சிறிது நேரத்தில் பாலத்தின் மறுபாதி சரிந்து ஓடையில் விழுந்தது!

ஜரீனா அதன் கழுத்து முடியில் முகம் புதைத்து அழுதார். அதை நூரி கொஞ்ச நேரம்தான் பொறுத்துக்கொண்டது. ஆடுகள் நடக்கத் தொடங்கியதும் விடுவித்துக்கொண்டு அவற்றின் பின்னால் போனது.

மத்தியானத்துக்கு முன் கூடாரம் சேர்ந்தோம். மக்பூல் துள்ளி ஓடி வந்தான். "மொத்தம் எத்தனை தங்கச்சி?"

"எண்ணிட்டுச் சொல்றேன்," என்றேன். பிறகு, "நீங்களும் தனியா எண்ணுங்க."

சோளரொட்டியும் பாலும் வைத்தபோது நூரி சாப்பிட்டது. டாக்டர் காதில் ஏழு தையல் போட்டார். ஜரீனா தலையைப் பிடித்துக்கொண்டார், நான் ஊசிநூலை நீட்டினேன். என்னைப் பார்த்து அது இன்னும் உறுமியது. ஒரு தடவை மோந்து பார்த்ததற்காக அது என்னை நம்பிவிடவில்லை. அது சரிதான் என்று எனக்குத் தோன்றியது. நான் ஒரு எண்ணை நம்பி உட்கார்ந்துவிட்டேன். நூரியோ, மந்தையில் இல்லாத ஆடுகளைத் தேடிப் போயிற்று.

பெரிய ஆடு நூற்று எண்பத்தாறு. குட்டி நான்கு. மக்பூலின் எண்ணிக்கையும் அதுவே.

நாளை: விடியற்காலை நான்கு மணிக்கு எழ வேண்டும். நூரியின் காதுக்கு மருந்து. பெரியவை, குட்டிகள் என்று தனித்தனியாக எண்ண வேண்டும். ஐந்து மணிக்குக் கணவாய் ஏற்றம். நெற்றி வெள்ளை ஆட்டின் குட்டியை நான் தூக்க வேண்டும்.